நானோ தங்கச் சொட்டு கிட்னியைக் காப்பாற்றுமா?

கேள்வி: டாக்டர், நான் தொண்டிக்காரன். இப்போது துபாயில் வேலை பார்க்கிறேன். அத்தாவுக்கு 58 வயது. முன்பு நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர், இப்போது கரையில் மீன் ஏலம் எடுக்கிறார். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் எடுத்த டெஸ்டில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.3, கிட்னி வடிக்கும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 32, சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். மச்சான் ஒருவர் சொல்லி 'நானோ தங்கச் சொட்டு' என்று ஒன்றை மூன்று வாரமாகக் குடித்து வருகிறார். ஒரு பாட்டில் 2,800 ரூபாய். துகள் ரொம்பச் சின்னது, அதனால் நேராகக் கிட்னிக்குள் போய் அடைப்பை எடுத்துக்கொண்டு சிறுநீரோடு வெளியே வந்துவிடும் என்கிறார்கள். ஏமாற்று வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தேடிப் பார்த்தால், தங்க நானோ துகள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதாக அமெரிக்க ஆராய்ச்சியே இருக்கிறது. அப்படியானால் குடிக்கலாமா? நிறுத்தச் சொன்னால் அத்தா கேட்கமாட்டார். பாட்டிலின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, இன்று இரவே அத்தாவிடம் பேசி அந்தச் சொட்டை நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், மூடியை இறுக்கி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது தேவைப்படும். இன்னொன்றையும் கேளுங்கள்: இதை ஆரம்பித்த பிறகு சர்க்கரை மாத்திரையையோ பி.பி. மாத்திரையையோ விட்டுவிட்டாரா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் இந்த மாதிரி மருந்து விற்பவர்கள் முதலில் சொல்வதே 'இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்கள்' என்பதுதான். விட்டிருந்தால் அந்தச் சொட்டை விட அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நீங்கள் படித்த ஆராய்ச்சி உண்மைதான். அதை மறுக்கப் போவதில்லை. படித்ததில் எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அத்தாவிடமும் மச்சானிடமும் நீங்களே விளக்கிவிடலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் வரும். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, கிளோமெருலஸ் என்று பெயர், ஒவ்வொன்றும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன, அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே வருகிறது, மீதி முழுக்க உடம்புக்கே திரும்பிவிடுகிறது. அந்த வடிகட்டியில் மூன்று அடுக்கு. முதல் அடுக்கில் ஓட்டைகள் பெரியவை, 70 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும். இரண்டாவது ஒரு சவ்வு, அதில் எதிர்மின்னேற்றம் உண்டு, அதனால் எதிர்மின்னேற்றம் கொண்ட துகளைத் தள்ளிவிடும், நேர்மின்னேற்றம் கொண்டதைக் கொஞ்சம் எளிதாக விடும். மூன்றாவது, விரல் கோத்தது போல நிற்கும் செல்களின் இடையில் உள்ள மெல்லிய பிளவு. மூன்றையும் தாண்டி எது போகும் என்று 2007-ல் அமெரிக்காவில் எலிகளுக்குள் ஒளிரும் துகள்களைச் செலுத்திப் பார்த்தார்கள். சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தவை சிறுநீரில் வேகமாக வந்துவிட்டன, அதற்கு மேலே போகப் போக வருவது குறைந்து, 8 நானோமீட்டரைத் தாண்டியவை அநேகமாக வரவே இல்லை. வராதவை எங்கே போகும்? பெரும்பாலும் ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். தங்கம் உடம்பில் கரையாது, ஈரலில் தங்கினால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

உங்கள் அத்தாவுக்கு வலைக்கண் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை, எந்தக் கண்ணில் எந்த மீன் நிற்கும், எது நழுவும் என்று அவர் எனக்குச் சொல்வார். ஆனால் அந்தக் கணக்கு இங்கே பாதி தூரம்தான் வரும். வலையில் சின்ன மீன் எப்போதுமே நழுவிவிடும். சிறுநீரகத்தில் அப்படி இல்லை. ஒரு நானோமீட்டருக்கும் கீழே, பத்துப் பதினைந்து தங்க அணுக்கள் மட்டுமே சேர்ந்த கொத்துகளைச் செலுத்திப் பார்த்தபோது, அவை அதைவிடப் பெரிய துகள்களை விட மெதுவாகத்தான் வெளியேறின. வடிகட்டியின் உள்சுவரில் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, மிகச் சின்னது அதில் சிக்கிக்கொள்கிறது. இது 2017-ல் வெளிவந்த முடிவு. ஆகவே 'ரொம்பச் சின்னது, அதனால் நேராகப் போய்விடும்' என்பது கணக்காகவே தப்பு.

இனி நீங்கள் படித்த தங்க ஆராய்ச்சிக்கு வருகிறேன். சுமார் 2 நானோமீட்டர் தங்கத் துகளின் மேல் குளுட்டாதயோன் என்ற பொருளைப் பூசி எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள், ஒரு நாளுக்குள் பாதிக்கு மேல் சிறுநீரில் வந்துவிட்டது. பூச்சு எதற்கு? வெறும் துகள் ரத்தத்தில் இறங்கியதும் ரத்தப் புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், 5 நானோமீட்டராகப் போனது அங்கே இரண்டு மூன்று மடங்காகிவிடும், அப்புறம் வடிகட்டியைத் தாண்டாது. அந்த ஒட்டலைத் தடுப்பதற்காகவே வருடக்கணக்கில் வேலை செய்து அந்தப் பூச்சைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவும் எதற்காக என்பதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். புற்றுநோய்க் கட்டியைப் படம் பிடிக்க நானோ துகள் உதவும், ஆனால் படம் எடுத்து முடித்த பிறகு அது உடம்பில் தங்கிவிடக் கூடாது, சீக்கிரம் வெளியே போய்விட வேண்டும், அதற்கான வழியாகத்தான் அவர்கள் சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். சிறுநீரகம் அங்கே வாசல் மட்டும்தான். அந்த எலிகளுக்குக் கிட்னி நோய் கிடையாது, தங்கம் எதையும் குணமாக்கவும் இல்லை. வெளியேறுகிறது என்று எழுதியதை விற்கிறவர்கள் சுத்தம் செய்கிறது என்று படித்துக் காட்டுகிறார்கள்.

அதோடு அவையெல்லாம் ரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டவை. உங்கள் அத்தா குடிப்பது வாய் வழியாக. வாயில் விட்ட தங்கத் துகளில் மிகச் சிறிய பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும், மற்றதெல்லாம் மலத்தோடு போய்விடும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்து மாதுளைச் சாறு போல நல்ல சிவப்பாக இருக்கிறது. இந்தச் சிவப்பு புதிதல்ல, 1857-லேயே மைக்கேல் ஃபாரடே தங்கத்தை நுண்துகளாக்கி நீரில் மிதக்கவிட்டு இதே நிறத்தைப் பார்த்தார். துகள் சுமார் 10 முதல் 50 நானோமீட்டர் இருக்கும்போது வருகிற நிறம் அது. 2 நானோமீட்டருக்குக் கீழே போனால் அந்தச் சிவப்பே இருக்காது. ஆக, விற்பவர் சொல்வதை அப்படியே நம்பி, அந்த நிறம் தங்கத்தால்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டாலும், அந்த அளவுத் துகள் ஆரோக்கியமான சிறுநீரக வடிகட்டியைத் தாண்டாது, அவர் சொல்லும் கதையை அவர் பாட்டிலே மறுக்கிறது. நிறம் தங்கத்தால் வரவில்லை என்றால், உள்ளே என்ன இருக்கிறது? லேபிளில் உற்பத்தி உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை, உட்பொருள் பட்டியல் இல்லை. 'நூறு சதவீதம் இயற்கை' என்று இருக்கிறது, பக்கத்தில் கலாம் ஐயா படம் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து போய் நானோ தொழில்நுட்பத்தைப் பற்றி மாணவர்களிடம் அத்தனை மேடைகளில் பேசிய மனிதரின் முகத்தை, என்ன இருக்கிறது என்றே எழுதாத பாட்டிலில் ஒட்டி, அவர் ஊர்ப்பக்கத்து நோயாளியிடமே விற்கிறார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

அத்தாவின் ரிப்போர்ட்டை இந்த இடத்தில் சேர்த்துப் பாருங்கள். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் சுமார் 7 நானோமீட்டர். நல்ல வடிகட்டி அதைத் தாண்டவிடாது. இரண்டு பிளஸ் புரதம் வருகிறது என்றால் அவருடைய வடிகட்டியின் கண்கள் ஏற்கெனவே பிய்ந்திருக்கின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர். 32 என்றால் வடிக்கும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. எனவே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய எதுவும் அவர் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், போகக் கூடாதது உள்ளே நழுவும், நழுவியதை வடிகட்டிக்கு அடுத்துள்ள குழாய்ச் செல்கள் உறிஞ்சும், அந்தச் செல்கள் ஏற்கெனவே புரதத்தைச் சுமந்து நொந்து போனவை. ஆரோக்கியமான எலியில் பார்த்த பாதுகாப்பை அத்தாவுக்குக் கணக்கில் எடுக்க முடியாது. அப்புறம், 'அடைப்பு' என்று ஒன்று அங்கே இல்லை. சர்க்கரையால் கெட்ட கிட்னியில் வடிகட்டிகள் தழும்பேறிச் சுருங்குகின்றன. எடுத்துக்கொண்டு வருவதற்கு அங்கே அழுக்கு எதுவும் கிடையாது.

பாட்டிலை வைத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் பாதரசம். தங்கம் என்ற பெயரில் வருவதில் தங்கம் இருக்கிறதோ இல்லையோ, பாதரசம், ஈயம் இருந்துவிடலாம் என்பதுதான் என் பயம். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கொட்டும் ஒரு வகை நோய் வருவதை 2022-ல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு காட்டியது. பக்கத்துக் கேரளத்தில் முகம் வெளுக்கப் பூசும் பாதரச க்ரீம்களால் அதே நோய் வந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல செய்தி என்னவென்றால் அந்த மருந்தை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்குப் புரதம் குறைந்தது. சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை, முறையாகப் படித்த சித்த மருத்துவர் உரிமம் பெற்ற மருந்தை எழுதித் தருவது வேறு. 'பஸ்பம்தான் அந்தக் காலத்து நானோ மருந்து' என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறதே, அதில் பாதி உண்மை உண்டு, சில பஸ்பங்களை நுண்ணோக்கியில் பார்த்தால் நானோ அளவுத் துகள்கள் தெரிகின்றன. ஆனால் சின்னதாக அரைத்ததால் ஒரு பொருளின் நஞ்சு போய்விடாது, மேற்பரப்பு கூடுவதால் சில பொருட்கள் இன்னும் வேகமாக வேலை காட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நானோ மருத்துவமே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாமலே நம் மாவட்டத்தில் அது நடந்துகொண்டிருக்கிறது. டயாலிசிஸ் வார்டில் போய்ப் பார்த்தால் நர்ஸ் ஒரு சின்ன ஆம்பூலை உடைப்பார், உள்ளே 5 மில்லி கடும் பழுப்பு நிற மருந்து, கட்டங்காப்பி போல இருக்கும், அதை 100 மில்லி சலைனில் கலந்து மெதுவாக ஏற்றுவார். அயர்ன் சுக்ரோஸ். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச்சோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏற்றுவதும் இதுதான். இரும்பை அப்படியே ரத்தத்தில் விட்டால் நஞ்சு, அதனால் ஒரு சில நானோமீட்டர் அளவு இரும்புக் கருவைச் சர்க்கரை உறையால் மூடி அனுப்புகிறார்கள். அது சிறுநீரக வடிகட்டியைத் தாண்டாது, தாண்டக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள், தாண்டினால் ஏற்றிய இரும்பு சிறுநீரில் போய்விடும். ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள செல்கள் அதை விழுங்கி, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கின்றன.

2021-ல் கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்தது நினைவிருக்கும். அதற்கான ஆம்போடெரிசின் மருந்தின் பழைய வடிவம் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கும், கொடுக்கும்போதே கிரியாட்டினினைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அதே மருந்தைக் கொழுப்பால் ஆன, 100 நானோமீட்டருக்கும் குறைவான உருண்டைக்குள் அடைத்தது லிப்போசோமல் ஆம்போடெரிசின். உருண்டை வடிகட்டியைத் தாண்டாது, மருந்து சிறுநீரகச் செல்களில் படுவது குறைகிறது, பாதிப்பும் வெகுவாகக் குறைகிறது, முழுக்கப் போய்விடவில்லை. அன்று அந்த ஊசிக்காக மதுரைக்கும் சென்னைக்கும் குடும்பங்கள் அலைந்தது இதற்காகத்தான். என் கருத்தைக் கேட்டால், இன்றுவரை நானோ மருத்துவம் சிறுநீரகத்துக்குச் செய்த பெரிய உபகாரம், கடுமையான மருந்துகளை அதன் பக்கம் போகவிடாமல் சுற்றி எடுத்துப் போனதுதான்.

உள்ளே அனுப்பும் முயற்சியும் நடக்கிறது. சுமார் 80 நானோமீட்டர் துகள் வடிகட்டியின் நடுத் திசுவில் போய்ச் சேர்வதையும், 400 நானோமீட்டர் போன்ற பெரிய துகள், வடிகட்டியைத் தாண்ட வழியே இல்லாதது, எப்படியோ சிறுநீரகக் குழாய்ச் செல்களில் போய்ச் சேர்வதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள், அந்தச் செல்களின் பின்பக்கம் ஓடும் ரத்தக் குழாய்கள் வழியாக நுழைகிறது என்று கருதுகிறார்கள். எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. நாளை மருந்தை நேராக நோயுள்ள செல்லுக்குக் கொண்டுபோக முடியலாம். ஆனால் கெட்டுப்போன சிறுநீரகத்தைச் சரிசெய்யும் நானோ மருந்து எதுவும் இன்று மனிதர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. யாராவது கொடுத்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: உள்ளே என்ன பொருள், எத்தனை நானோமீட்டர், உடம்பை விட்டு எந்த வழியாகப் போகிறது. அயர்ன் சுக்ரோஸுக்கு இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறது.

அத்தாவுக்கு இப்போது உதவுவது சாதாரண மருந்துகள்தான், விலையும் அந்தப் பாட்டிலை விட ரொம்பக் குறைவு. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போன்ற பி.பி. மாத்திரைகளில் ஒன்று புரதம் ஒழுகுவதைக் குறைக்கும். டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைப்பதை 2020-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ஈ.ஜி.எஃப்.ஆர். 25 முதல் 75 வரை உள்ளவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள், அத்தா அந்த வரம்புக்குள் வருகிறார். இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் விழுந்துவிட்டது. இரண்டையும் டாக்டர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும், வாந்தி பேதி வந்தால் சில நாள் நிறுத்தவும் வேண்டியிருக்கும். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரை, வலி ஊசி, இரண்டும் இனி கிடையாது. நம் பக்கம் பெட்டி தூக்கி, ஐஸ் சுமந்து, வலை இழுத்துப் பழகியவர்களுக்கு அது மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது, தங்கச் சொட்டை விட அதிகம் பேரின் கிட்னியைக் கெடுப்பது அதுதான். உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள். கருவாட்டை விடச் சொன்னால் வருத்தப்படுவார், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். ரமலான் நோன்பு பற்றி, இந்த ஈ.ஜி.எஃப்.ஆரோடும் சர்க்கரையோடும் அவராக முடிவு எடுக்கக் கூடாது, ஒரு மாதம் முன்னதாகவே டாக்டரைப் பார்த்துக் கேட்க வேண்டும், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை ஊர் ஆலிமே அவரிடம் எடுத்துச் சொன்னால் நல்லது.

கேட்கமாட்டார் என்கிறீர்கள். மச்சானைத் திட்டி ஆரம்பிக்காதீர்கள், அவர் நல்லதென்று நினைத்துத்தான் வாங்கிக் கொடுத்திருப்பார், திட்டினால் அத்தா அவர் பக்கம் போய்விடுவார். 'டெஸ்ட் எடுக்கும் வரை மட்டும் நிறுத்துங்க அத்தா, எண்ணைப் பார்த்துட்டு பேசலாம்' என்று கேளுங்கள். இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாட்டிலோடும் பழைய ரிப்போர்ட்டோடும் மச்சானையே கூட்டிப் போகச் சொல்லுங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், இவை கட்டாயம். புரதம் முன்பை விடத் திடீரென்று கூடியிருந்தால் மூன்று வாரம் என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், பாதரசத்துக்கு ரத்தமும் சிறுநீரும் அனுப்பிப் பார்க்க வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். விற்றவரைப் பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். சர்க்கரை நோயையும், பிரைட்ஸ் நோய் என்ற பழைய பெயரில் சிறுநீரக நோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடுக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். பொட்டாசியம் 5.5-க்கு மேல் இருந்தாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.